எண்பதாவது நிமிடத்தில் எழுந்து வந்தவன்

கண்ணுங்களா, நம்ம ஊர் ஃபுட்பால் டீம் ஜெயித்து நீங்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு வருடமாக என்னோடு ஸ்டேடியத்துக்கு வந்தீர்கள். ஒரு தடவைகூட இல்லை. அதற்கு டீம் காரணம், கோச் காரணம், டீமை வைத்திருக்கிற முதலாளி காரணம் என்று நான் வீட்டில் கத்தியதை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை மட்டும் காரணம் நான்தான். அதை வாயால் சொல்ல வந்தால் பேச்சு எப்படியோ டீமைத் திட்டுவதில் போய் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் அக்கா திருத்தித் தம்பிக்குப் படித்துக் காட்டட்டும்.

முதலில் என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பாதியை நான் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம்ம டீமுக்குப் பந்தை முன்னால் கொண்டுபோகப் பயம். பின்னால் நிற்பவன் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுவான், அவன் கோல் காக்கிற கோலிக்குத் தட்டுவான், கோலி திரும்பவும் முதல் ஆளுக்கே தருவான். கேலரியில் இருப்பவனுக்குக் கொட்டாவி வரும்போது எதிராளி வந்து பிடுங்கிக்கொண்டு போவான். அடுத்தது, நன்றாக ஆடுகிறவனை நம்ம டீம் வைத்துக்கொள்வதே இல்லை. தம்பிக்குப் பிளாட்பாரத்தில் ஒரு சட்டை வாங்கித் தந்தேனே, முதுகில் பெயர் அடித்தது, அந்தப் பெயர் மூன்றாவது துவைப்பில் உரிந்துவிட்டது. அதற்குள் அந்த ஆளும் வேறு ஊர் டீமுக்குப் போய்விட்டான். "சட்டைக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது" என்று உங்கள் அம்மா சொல்லிச் சிரித்தாள். வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் டீமில் இருந்தும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்த நோட்டு போதாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நெட்டை டிஃபெண்டர். அவனைப் போல யாரையும் நான் திட்டியதில்லை. பந்து எங்கே என்று மட்டும் பார்ப்பான். பக்கத்தில் யார் ஓடுகிறான், கோலி என்ன சொல்கிறான், எதையும் பார்க்கமாட்டான். "கையப் பாருடா, சாமி! கையப் பாரு!" என்று கத்துவேன். சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. உங்களுக்குப் புரியும்.

என் வேலை அப்படி. காட்டுப்பள்ளியில் கப்பலில் இருந்து கன்டெய்னர் இறக்குகிற கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறேன். ஆபரேட்டர் எங்கேயோ உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் இருக்கிறார். வாக்கிடாக்கி உண்டு, ஆனால் கடல் காற்றில் அது பாதி நேரம் இரைச்சல்தான். அவருக்கு நம்பிக்கை என் கை. பெட்டி தரையில் உட்கார்ந்து, நாலு மூலையிலும் பூட்டு கழன்று, பிடித்திருந்த இரும்புச் சட்டம் காலியாக மேலே போகிற வரைக்கும் நான் கையை இறக்கக் கூடாது. பெட்டி உட்கார்ந்துவிட்டது என்று அவசரப்பட்டுத் திரும்பினால், ஒரு மூலைப் பூட்டு மாட்டியிருந்து பெட்டி மறுபடி மேலே தூக்கிக்கொள்ளும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதை நான் சோறு தின்னும்போதெல்லாம் உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதுதான் பிறகு எனக்கே திரும்பி வந்தது.

அந்தக் கண்ணாடி அறையில் இருக்கிற ஆபரேட்டரை உங்களுக்குத் தெரியும். கல்மண்டபத்து மாமா. கேலரியில் நமக்கு முன் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலைத் தோலை எல்லாம் தம்பி மேலே ஊதுவாரே, அவர்தான். அவருக்கு பைக் இருக்கிறது, வீடும் பக்கம். கடைசி விசில் வரை உட்காருவார்.

நாம் அப்படி உட்கார்ந்ததில்லை. நம்ம வீடு இருக்கிற எண்ணூருக்கு மெட்ரோ வராது, விம்கோ நகரோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலும் குறைவு. நான் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேன் பிடிக்க வேண்டும். அதனால் ரயில் நேர அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் சென்ட்ரலில் இருந்து கிளம்புகிற வண்டிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தேன். ஐந்து மணி மேட்ச் என்றால் எண்பதாவது நிமிடத்தில் எழுந்தால்தான் அதைப் பிடிக்கலாம். கூட்டமும் இருக்காது, உட்கார இடமும் கிடைக்கும். இது என் கணக்கு. இரண்டு வருடம் இந்தக் கணக்கில் நான் தப்பே பார்க்கவில்லை. தோற்கிற டீமைக் கடைசி வரைக்கும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நினைப்பு வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவு இருக்கும். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். நெட்டைக்காரன் தவறவிட்ட ஆள்தான் போட்டான். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எண்பதாவது நிமிடம் வந்ததும் எழுந்தேன்.

"ப்பா, இன்னும் பத்து நிமிசம் கீதுபா" என்றான் தம்பி.

"பத்து நிமிசத்துல இன்னாடா பண்ணப் போறானுங்க? பின்னாலயே தட்டிகினு கீறானுங்க. கெளம்பு."

கல்மண்டபத்து மாமா திரும்பிப் பார்த்தார். "இன்னா மாமு, வண்டி புடிக்கப் போறியா? டிரைவரு உனுக்காவ வெயிட் பண்ணமாட்டானா?"

"நீ ராஜா மாதிரி பைக்ல போவ. எனுக்கு அப்படியா?"

"புள்ளைங்களயாவது வுட்டுட்டுப் போ. நான் இட்டாறேன்."

"எண்ணூர் வரிக்கும் மூணு பேரு பைக்லயா? வாணாம் வா" என்று நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் படி இறங்கும்போது பின்பக்கமாகவே நடந்தாள், கண்ணை மைதானத்தில் இருந்து எடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் காவலாளி பின்னால் தட்டியை இழுத்து மூடிவிட்டார்.

கார்ப்பரேஷன் கட்டடத்து மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. மதிலே அதிர்ந்த மாதிரி இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"கோலு!" என்றான் தம்பி.

"அவனுங்க இன்னொண்ணு போட்டிருப்பானுங்க" என்றேன்.

"ஏம்பா, அவங்க ஊர்க்காரங்க மொத்தமே ஒரு மூலைல முப்பது பேரு. அவங்க கத்தினா இப்படிக் கேக்குமா?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியும், கண்ணு. அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்கும் தெரியும். ஆனாலும், "அப்போ ரெஃப்ரிய திட்டுறானுங்க. நட" என்று சொன்னேன். அக்கா, நீ ஸ்டேடியம் பக்கம் திரும்பி நாலடி நடந்தாய். தட்டி மூடியதை நீயும் பார்த்தாய். வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். நான் மணியைப் பார்த்தேன்.

சென்ட்ரல் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. எடுத்தால் கடல் பொங்குகிற மாதிரி இரைச்சல். அதற்குள் இருந்து கல்மண்டபத்து மாமா குரல்: "டேய் மாமு! எங்கடா கீற? ரெண்டாவதும் போட்டாச்சிடா! உன் நெட்டையன் போட்டாண்டா! கார்னர்ல! தலையால!" பிறகு யார் யாரையோ கட்டிப்பிடிக்கிற சத்தம், ஒரு விசில், அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

போனை ஸ்பீக்கரில் போடவில்லை. போடாமலே உங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. ரயில் இன்னும் வரவில்லை. அது இருபது நிமிடம் லேட் என்று அப்புறம்தான் மைக்கில் சொன்னார்கள். கடைசி விசில் கேட்டுவிட்டு நடந்தே வந்திருந்தாலும் அதில் ஏறியிருக்கலாம். நம்ம டீம் சட்டை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு அதே பிளாட்பாரத்துக்கு வந்தார்கள். ஒருவர் தம்பியின் சட்டையைப் பார்த்து, "சூப்பர் மேட்ச் இல்ல தம்பி?" என்று முதுகில் தட்டினார். தம்பி ஆமாம் என்று தலையாட்டினான். அதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா வழக்கம்போல, "இன்னா, இன்னிக்கும் தோத்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

"ஜெயிச்சிட்டாங்கமா. நாங்கதான் தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அக்கா கை கழுவப் போனாள்.

மறுநாள் வேலையில் கல்மண்டபத்து மாமா என்னை விடவில்லை. மேலே அறையில் இருந்து வாக்கிடாக்கியில், "எண்ணூர் செல்லும் பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். கீழே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு உள்ளே பேஜாராக இருந்தது.

அடுத்த மேட்சுக்குக் கூப்பிட்டபோது அக்கா புத்தகத்தில் இருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "நான் வரல்லபா. நீ பாதில எழுப்பி இட்டுகினு வந்துருவ." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பூட்டு கழண்டு காலிச் சட்டம் மேல போற வரிக்கும் கைய இறக்கமாட்டேன்னு சொல்லுவ இல்ல? அது கிரேனுக்கு மட்டும்தானா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். தம்பியும், "அக்கா வரலன்னா நானும் வரல" என்றுவிட்டான்.

ஆறு நாளும் நான் துறைமுகத்தில், நீங்கள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருக்கும் நேரம் நான் தூங்கி வழிகிறேன். உங்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரே திசையைப் பார்ப்பது எனக்கு அந்தக் கேலரியில் மட்டும்தான். அது போய்விடும் போல இருந்தது. டீம் தோற்றபோதெல்லாம் வராத பயம் அன்றைக்கு வந்தது.

அந்த இரண்டாவது கோலைப் போனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோதான் ஒன்று கண்ணில் பட்டது. கார்னர் அடிப்பதற்கு முன்னால் அந்த நெட்டைக்காரன் கூட்டத்துக்குள் நின்று ஒரு கையை உயரத் தூக்கி, இரண்டு விரலை மடக்கிக் காட்டுகிறான். பந்தை அடிப்பவன் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறான். பந்து நேராக அவன் தலைக்கு வருகிறது. கையைப் பார்க்கத் தெரியாதவன் என்று இரண்டு வருடம் நான் திட்டிய ஆள். கை காட்டிப் பிழைக்கிற நான் அவன் கையைப் பார்த்ததில்லை.

அதற்காக அவன் பெரிய டிஃபெண்டர் என்று சொல்லமாட்டேன். ஓடுகிறவனை இன்னும் விட்டுவிடத்தான் செய்கிறான். அந்தக் கருத்தில் மாற்றம் இல்லை.

போன வாரம் நீங்கள் அம்மாவோடு ராயபுரத்தில் பெரியம்மா வீட்டு ஞானஸ்நான விசேஷத்துக்குப் போனீர்களே, அன்றைக்கு நான் வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை, மேட்சுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கல்மண்டபத்து மாமாவுக்கு ஷிஃப்ட். தனியாகத்தான் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கோல், எண்பது நிமிடம் வரை அதே பழைய தட்டல். எண்பதாவது நிமிடம் வந்ததும் என் கால் தானாக எழுந்துகொண்டது, அதைத் திரும்ப உட்கார வைத்தேன்.

நான் பார்க்காத டீம் ஒன்று அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, கண்ணுங்களா. வாயே திறக்கமாட்டான் என்று நான் சொல்லுவேனே அந்தக் கேப்டன், தொண்டை கிழியக் கத்துகிறான். பெஞ்சில் இருந்த வியாசர்பாடிப் பிள்ளையை இறக்கினார்கள். இறங்கியதும் பந்தை வாங்கி ஒரு தடவைகூடப் பின்னால் தட்டவில்லை. ஒரு ஷாட் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மேட்ச் டிராதான். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் ஆடுகிற மாதிரி முதல் பத்து நிமிடமும் ஆடினால் இந்த டீமை ஒருத்தனும் அசைக்க முடியாது. இது என் புதுக் கருத்து. வந்து நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த மேட்சுக்கு மறுநாள் நான் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் கடைசி விசில் வரை நான் எழுந்திருக்கமாட்டேன்.

அன்றைக்கு அந்த வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். வீடு பூட்டியிருந்தது, நீங்கள் இன்னும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன். சிவப்புக் கோடு போட்ட அந்தக் காகிதத்தை மூலையில் நகம் வைத்து உரித்தேன். பாதிதான் கையோடு வந்தது, மீதி பசையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. துணியை ஈரமாக்கி, முழுதும் போகிற வரைக்கும் தேய்த்தேன்.