கல்யாண கேசட்டில் வந்த ஜெர்மன்காரி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு மளிகைச் சீட்டுக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கம் இல்லை. முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுத நினைத்தது டென்னிஸ் ஆடுகிற ஒரு ஜெர்மன்காரியைப் பற்றி. அவளை நான் டிவியில் பார்த்ததோடு சரி. கம்பத்தை விட்டு மதுரைக்குப் போவதே எனக்கு அபூர்வம்.

எங்கள் வீட்டுக்காரர் கம்பத்தில் கேபிள் டிவி நடத்தினார். மொட்டை மாடியில் பெரிய பெரிய டிஷ். முன் அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு சேனல். இன்னொரு பெட்டி வாங்கக் கட்டுப்படியாகாததால் விளையாட்டு சேனலுக்கும் கேசட்டுக்கும் ஒரே லைன்தான். பகலெல்லாம் விளையாட்டு ஓடும். சாயங்காலம் அந்த வயரைப் பிடுங்கி, கேசட் ஓட்டுகிற டெக்கில் சொருகினால் ஊருக்கெல்லாம் கேசட் தெரியும். புதுக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று யார் வீட்டு விசேஷ கேசட்டைக் கொடுத்தாலும் போடுவோம். விசேஷத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அது அப்போது எங்கள் பக்கம் வழக்கம். தாலி கட்டியாகிவிட்டதா என்பதைவிட, டிவியில் என்றைக்குப் போடுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வீட்டுக்காரர் வயரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்விடுவார். போன் எடுப்பது என் வேலை. எனக்குக் கூச்சம் அதிகம். ஆண் குரல் கேட்டால் "அவுக இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அப்படி ஒருநாள் ஒரு பெண் குரல். "அக்கா, இன்னைக்கு டென்னிஸ் கொஞ்சம் நேரம் கூட விடுவீங்களா? கேசட்ட அரை மணி கழிச்சுப் போட்டா போதும்."

டென்னிஸ் வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் போன் செய்ததில்லை. கிரிக்கெட் என்றால் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போடுவார்கள். யாரம்மா நீ என்று கேட்டேன். சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மூத்த மருமகள். மெட்ராஸ் பெண். அப்பா செத்த பிறகு சொந்தத்தில் கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள். என் வயது தெரியாமல் போனில் அக்கா என்றுவிட்டாள், கடைசி வரை நான் அவளுக்கு அக்காதான்.

பிறகு அடிக்கடி பேசுவாள். மாமியார் தோட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்துப் பேசுவாள். மெட்ராஸில் சின்ன வயதில் டென்னிஸ் ஆடியிருக்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்த ஒரு போட்டியில் இந்த ஜெர்மன்காரியோடு ஆடித் தோற்றிருக்கிறாள். ஒரு செட்டில் மட்டும் கொஞ்சம் ஈடுகொடுத்தாளாம். "ஆட்டம் முடிஞ்சதும் வலைக்கு மேல கை கொடுத்தாக்கா. நல்லா ஆடுறேன்னு சொன்னா. அவ அதுக்கப்புறம் தொழிலா ஆடப் போயிட்டா. நான் சமைக்க வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். இங்கே கல்யாணம் பேசும்போது அவள் டென்னிஸ் ஆடியதைச் சொல்லவில்லை. குட்டைப் பாவாடையோடு ஆடின பெண் என்று தட்டிக்கழித்துவிடுவார்களோ என்று அவள் அம்மாவுக்குப் பயம்.

அந்த ஜெர்மன்காரி பெரிய ஆள் இல்லை. உலகத்தில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவிலும் கடைசியிலுமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். சிறிய ஊர்ப் போட்டிகளில் ஜெயிப்பாள், அதை டிவியில் காட்ட மாட்டார்கள். இங்கிலீஷ் பேப்பரில் பொடி எழுத்தில் வரும். டிவிக்காரன் இவளைக் காட்ட வேண்டும் என்றால் இவள் ஒரு பெரிய ஆட்டக்காரியிடம் மாட்ட வேண்டும். மாட்டினால் தோற்பாள். அதனால் அந்த மெட்ராஸ் பெண் வருஷக்கணக்காகப் பார்த்ததெல்லாம் தோல்வியைத்தான்.

"ஒரே ஒரு தடவ அவ ஜெயிக்கிறத என் கண்ணால பாத்துட்டா போதும்க்கா," என்பாள்.

நானும் பார்க்கத் தொடங்கினேன். பதினைந்து, முப்பது என்று போய்விட்டு ஏன் நாற்பது என்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த ஜெர்மன்காரியைப் பிடித்துப்போனது. உயரமான பெண். முடியை இழுத்துக் கட்டியிருப்பாள். பந்து தவறினால் கோபப்படாமல் மட்டையின் நரம்புகளை விரலால் சரிசெய்து கொண்டிருப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, வைகாசி மாதம். பிரான்ஸில் செம்மண் தரையில் ஆடுகிற போட்டி. ஜெர்மன்காரிக்குத் தோள் வலி, இந்த வருஷத்தோடு விட்டுவிடலாம் என்று பேப்பரில் சொல்லியிருந்தாள். அவளுக்கு எதிராளியாக வாய்த்தவளும் பெரிய ஆட்டக்காரி. எனவே டிவியில் காட்டுவார்கள். நம் ஊருக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்கில். அதே நாள், அதே ஆறு மணிக்கு அந்தப் பெண்ணின் கொழுந்தன் கல்யாண கேசட்டைப் போடுவதாக மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சின்னமனூர்ச் சொந்தம்கூடக் கம்பத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

காலையில் போன் வந்தது. குரலே சரியில்லை. "அக்கா, இதுதான் கடைசி. என்ன பண்றது?"

லைனைத் தர முடியாது, ஆனால் இந்த அறையில் ஒரு சின்ன டிவி இருக்கிறது, கேசட் ஊருக்குப் போகும்போது விளையாட்டுப் பெட்டியின் வயரை அதில் சொருகிப் பார்க்கலாம், நீ வருவாயா என்று கேட்டேன். எப்படி வருவது என்று அழுதாள். வழி தானாக வந்தது. அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வீட்டுக் கேசட்டுக்குப் பதிலாக வேறு வீட்டுச் சடங்கு கேசட்டைப் போட்டு, அது தெருச் சண்டையாகியிருந்தது. மாமியாரே மருமகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். "அங்கன போயி பக்கத்துல உக்காந்து பாரு. அந்த மனுசன் எந்த வீட்டுக் கேசட்டப் போடுவாருன்னு நம்ப முடியாது."

கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவளை முதன்முதல் நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குக் காற்றில் வயர் அறுந்து கூடலூர் ரோட்டுப் பக்கம் போயிருந்தார். நானே கேசட்டை ஓடவிட்டேன். ஊருக்குக் கல்யாணம், எங்களுக்கு டென்னிஸ்.

ஜெர்மன்காரி முதல் செட்டில் தோற்றாள். இரண்டாவதை ஜெயித்தாள். மூன்றாவதில் முன்னாலே போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பெண் நாற்காலியில் உட்காரவில்லை. ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் என்றபோது அப்படியே பின்னால் நகர்ந்தாள். சேலை வயரில் சிக்கி இரண்டு மஞ்சள் வயரும் கழன்று விழுந்தன. ஒன்று ஊருக்குப் போகிற படம், ஒன்று சின்ன டிவிக்கு வருகிற படம். சத்தத்துக்கான வெள்ளை வயர்கள் அப்படியே இருந்தன. பதறிப்போய் இரண்டையும் எடுத்துச் சொருகினேன்.

மாறிப்போய்விட்டது. எங்கள் சின்ன டிவியில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைக்காரன் ஒருவன் இங்கிலீஷில் ஆட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் ஊருக்கு என்ன போகிறது என்று எனக்குப் புரிவதற்குள் போன் அடித்தது.

மாமியார்தான். போனிலேயே கெட்டிமேளம் கேட்டது. "ஏ மதினி! என்னத்தா நடக்குது அங்கன? எம்மகன் தாலி கட்டுற நேரத்துல எவளோ ஒருத்தி பந்தடிச்சுக்கிட்டு நிக்கிறா! மேளம் இங்கன, மாப்பிள்ள எங்கன?"

போனை அவளிடம் கொடுத்துவிட்டு வயரைப் பிடுங்கக் கை வைத்தேன்.

"அத்தை, வயர் மாறிப்போச்சு. இப்ப சரி பண்ணிடறோம்." கூடவே சொன்னாள்: "அத்தை, அந்தப் பொண்ணு கூட நான் ஆடியிருக்கேன்."

பக்கத்தில் நின்ற எனக்கும் மாமியார் குரல் கேட்டது. "யாரு? இந்த வெள்ளச்சியோடயா? நீயா?"

"ஆமாத்தை. சின்னப் புள்ளையில. தோத்துட்டேன்."

"தோக்காம என்ன செய்வ, பனைமரம் மாதிரில்ல நிக்கிறா." யாரையோ அதட்டினார், "ஏலே, சும்மா இருங்கடா. நம்ம புள்ள இவளோட ஆடிருக்காளாம்." பிறகு போனில், "இவ ஜெயிக்கிறாளா, தோக்குறாளா?"

நான் மஞ்சள் வயரை இழுக்கப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இழுத்தால் அங்கே மாமியாருக்கு ஆட்டம் போய்விடும். இழுக்காவிட்டால் இவளால் பார்க்க முடியாது. பிடித்த கையை அவள் விடவில்லை.

"ஜெயிக்கப் போறா அத்தை. என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க."

மாமியார் சொன்னார். "பந்தத் தூக்கிப் போடுறா... அடிச்சுட்டா. அந்தப் பக்கத்துக்காரி திருப்பிட்டா. இவ ஓடுறா. ஆத்தாடி, எம்புட்டு ஓட்டம்! அடிச்சா... அந்தப் பொண்ணு வலையில விட்டுட்டா. முடிஞ்சுபோச்சா? இவ மட்டையக் கீழ போட்டுட்டு முகத்தப் பொத்திக்கிட்டா. எல்லாரும் கைதட்டுறாக. அழுகிறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. ஏ புள்ள, நீ ஏன் அழுகுற?"

எங்கள் சின்ன டிவியில் அப்போது தாலி கட்டி முடித்து அட்சதை விழுந்துகொண்டிருந்தது.

வயரை மாற்றினேன். மாமியார் உத்தரவுப்படி கேசட்டைப் பின்னால் ஓட்டித் தாலி கட்டுகிற இடத்திலிருந்து மறுபடியும் போட்டேன். அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்காரரை டீக்கடையில் வைத்துக் கேலி செய்தார்கள். "என்னண்ணே, கல்யாணத்துக்கு மொய் வைக்க ஜெர்மனியிலருந்து ஆள் வந்துச்சாமே?" என்ன நடந்தது என்று அவரிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை.

ஜெர்மன்காரி ஆடிய அடுத்த சுற்றை டிவியில் காட்டவில்லை. தோற்றுவிட்டாள் என்று பேப்பரில் இருந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆட்டத்தை விட்டுவிட்டதாகவும் இரண்டு வரி வந்தது. அந்தப் பெண்தான் வாசித்துக் காட்டினாள், அவர்கள் வீட்டு போனில், மாமியார் இருக்கும்போதே. பின்னாலிருந்து மாமியார் கேட்டார்: "கல்யாணம் கட்டிக்கிட்டாளாமா? இல்ல வேற எங்கிட்டாச்சும் ஆடுறாளாமா?" தெரியாது அத்தை என்றாள்.

அந்த ஜெர்மன்காரி ஜெயித்ததைப் பார்க்காமல் போனதில் உனக்கு வருத்தமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அத்தை பாத்தாங்கல்ல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதில் பிழை இருக்கும். கடைசி செட் எத்தனைக்கு எத்தனை என்று முடிந்தது என்பது எனக்கு நினைவில்லை. அது முதல் சுற்றா இரண்டாவதா என்பதும் சந்தேகம். தோள் வலியா முழங்கை வலியா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. டென்னிஸ் தெரிந்தவர்கள் யாராவது பழைய பேப்பரைப் புரட்டிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.