கேட்டு உடைச்ச படம், இரண்டாம் பாகம்

கனடாவில் பனிக்காலம் வந்துவிட்டால் கதவுப்பிடி கடிக்கும். காற்றில் ஈரம் இருக்காது. கம்பளிச் சட்டையோடு நாலு எட்டு நடந்துபோய் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று ஒரு பொறி பறக்கும். இங்குள்ளவர்கள் கையை உதறிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு ஈரக்குலை நடுங்கும். சிவகாசிக்காரிக்குப் பொறி என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில், டொரண்டோவுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பேன். கூட வேலை பார்க்கும் லிண்டா இதைப் பல நாள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அவளும் கம்பியில் கை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். என்ன என்று கேட்டேன். மகளுக்கு டிரைவிங் டெஸ்ட், உங்கள் சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். மகள் பாஸாகிவிட்டாள். அதற்குப் பிறகு விளக்கம் சொல்லி என்ன பயன்?

அந்த லிண்டாதான் போன மாதம் என்னைச் சினிமாவுக்குக் கூப்பிட்டாள். "உனக்கு டிஸ்டோபியா பிடிக்குமா?" என்றாள். நான் அது ஏதோ ஏரிக்கரை ஊர் என்று நினைத்து, "இன்னும் போனதில்லை, பஸ் உண்டா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எதிர்காலத்தில் உலகம் நாசமாகப் போவதைக் காட்டும் படங்களை அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கி, போனில் போஸ்டரைக் காட்டினாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் படம்! இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது.

எங்கள் படம் என்று நான் உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி முதல் வருஷ விடுமுறையில் என் அக்கா பேச்சியம்மாளோடு நானும் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் மருந்து இருக்கிற அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. வெடிமருந்தை எங்கள் ஊரில் வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். எல்லாரையும் வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் ஓடையில் தண்ணீர் புரண்டு ஓடியது. டிரைவர் அண்ணாச்சி வண்டியைத் திருப்பி, "தண்ணி வடிய மூணு மணி நேரம் ஆகும். ரோட்டுல உக்காந்து என்னத்தப் பண்ணப் போறீக? வாங்க, சினிமா பாப்போம்" என்று சிவகாசிக்குக் கொண்டுபோய்விட்டார். இருந்தது அந்த ஒரு படம்தான். இங்கிலீஷ் படம், தமிழில் பேசியது. ஈரச் சேலையோடு இருபத்தோரு பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம்.

படத்தில் ஜனங்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். சட்டையில் நம்பர். காலையில் சங்கு ஊதினால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். மணி அடித்தால் தட்டில் சாப்பாடு வருகிறது. இதையெல்லாம் பார்த்து உலகத்தார் பதறியிருப்பார்கள். எங்கள் வரிசையில் யாரும் பதறவில்லை. "பரவாயில்லயே, யூனிஃபார்மு கம்பெனியே குடுக்கான்" என்றார் ஒரு சித்தி. "சோறும் போடுதான். நாமதான் தூக்குவாளியத் தூக்கிட்டு அலையுதோம்" என்றாள் அக்கா. கடைசியில் கதாநாயகன் மொட்டை மாடியிலிருந்து குதித்து, லாரியை எடுத்து, கேட்டை உடைத்துத் தள்ளினான். தியேட்டரே விசிலடித்தது. அக்கா மட்டும் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "பாவிப்பய, கேட்ட உடைச்சுப்புட்டானே! நாளைக்கு அம்புட்டுப் பேரும் எங்கன வேலைக்குப் போவாக?" அன்றிலிருந்து எங்கள் வேனில் அதற்குப் பெயர் கேட்டு உடைச்ச படம்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் கிடங்கில் பெட்டி எடுக்கிறவள். மணிக்கட்டில் பட்டை போட்டு ஒரு கருவியைக் கட்டிவிடுவார்கள். எந்த அடுக்கில் எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அது காட்டும். நின்று மூச்சு வாங்கினால் கீச்சென்று கத்தும். ஆனால் அக்காவிடம் நான் சொல்லியிருந்தது ஆபீஸ் வேலை என்று. நான் படிக்க வேண்டும் என்பதற்காக எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வேன் ஏறியவள் அவள். இன்னும் அதே வேனில்தான் போகிறாள். "எந்தங்கச்சி கனடாவுல ஆபீசு" என்பது அவளுக்கு ஒரு நகை மாதிரி. போட்டுக்கொள்ளாமல் வெளியே கிளம்ப மாட்டாள். நானும் பெட்டிதான் தூக்குகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒருமுறை தவறிப்போய் அந்தக் கருவி தெரிய ஒரு போட்டோ அனுப்பிவிட்டேன். என்னட்டி இது என்று கேட்டாள். கம்பெனியில் கொடுத்த வாட்ச் என்றேன். அந்தப் போட்டோ வேன் முழுக்கச் சுற்றி வந்தது.

டொரண்டோ தியேட்டரில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கதாநாயகனுக்கு வயதாகிவிட்டது. முன்பு மாடியிலிருந்து குதித்தவன் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்து சண்டை போட்டான். ஒரு இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் வெடித்தது. தீ மட்டும் மஞ்சளாக எழுந்தது, புகையே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. லிண்டாவின் காதில், "மருந்து சரியில்லை" என்று அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவள் பதறிப்போய்ப் பையைத் துழாவித் தலைவலி மாத்திரை ஒன்றைக் கையில் வைத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அதைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

அடுத்த காட்சியில் என் சிரிப்பு நின்றது. புதுப் படத்தில் அடிமைகளின் சட்டையில் நம்பர் இல்லை. அதற்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு கருவி. அதே பட்டை, அதே சின்னத் திரை, அதே கீச்சு. அதைக் கட்டிக்கொண்டு பெட்டி தூக்குகிறார்கள். படம் அந்த வாரமே தமிழ் பேசிக்கொண்டு சிவகாசிக்கும் வந்திருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் விடுவாளா? மாத்திரை போட்டும் எனக்கு உண்மையிலேயே தலை வலித்தது.

ஞாயிறு காலை போன் வந்தது. அங்கே பொழுது சாய்கிற நேரம். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"கேட்டு உடைச்ச படம் ரெண்டாம் பாகம் பாத்துட்டு வாரோம்டி. வேனு மொத்தமும் போனோம்" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "உன் வாட்ச்சு அதுல வருது."

நான் வெறும் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அதக் கட்டுனவுகள்லாம் பெட்டி தூக்குறாக. நீயும் தூக்குறியா?"

"ஆமாக்கா" என்றேன். எத்தனையோ வருஷமாகப் பிடித்து வைத்திருந்த அழுகை அந்த ஒரு வார்த்தையோடு வந்துவிட்டது. பொய் சொல்லிட்டேன்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"பெட்டிக்குள்ள என்ன? மருந்தா?"

"இல்லக்கா. செருப்பு, துணிமணி, பொம்மை."

"வெடிக்காதுல்ல?"

"வெடிக்காதுக்கா."

"ரூமுக்கு எத்தன பேரு?"

எங்கள் கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர்தான். அறைகளையும் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். நாலு பேர் எதற்கு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்; ஏதாவது நடந்தால் நாலோடு போகட்டும் என்றுதான்.

"ரூமே கிடையாதுக்கா. ஐந்நூறு பேரு ஒரே கூரைக்குக் கீழ."

"ஐந்நூறு பேரா? ஒரே கூரைக்குக் கீழயா?" அவளால் நம்ப முடியவில்லை. "அம்புட்டுப் பேரும் சாயந்தரம் அப்படியே வீட்டுக்குப் போயிருதீகளா?"

"போயிருதோம்க்கா."

"அட கோட்டிக்காரி, அதுக்கா அழுவுத?" என்றாள். "அப்ப அது ஆபீசுதான்டி." உடனே போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது: "ஏ, கேட்டுக்கோங்க. ஆபீசேதானாம்!"

மறுநாள் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனேன். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே என் சந்தில் பெட்டி எடுக்க ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். என்னையறியாமல் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, என்னோடு நாலு. ஐந்தாவதாக லிண்டா வந்தபோது உடம்பு தானாக ஒரு அடி வெளியே நகர்ந்தது. இங்கே வெடிக்காது என்று தெரிந்த கை மட்டும் நீண்டு அவளை உள்ளே வா என்று கூப்பிட்டது. மணிக்கட்டில் கருவி கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது.