சாம்பல் நீலக் கதவு

பழைய காரின் நிஜமான நிறம் வெளியே தெரியாது. வெயிலும் உப்புக்காற்றும் அதைத் தின்றிருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை உரித்தால், அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஃபாக்டரியில் அடித்த நிறம் அப்படியே இருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதேபோல் கலந்து தருவதுதான் கொச்சி மட்டாஞ்சேரியில் என் வேலை. இடக்கொச்சியில் ஒரு கடையில் இதற்கு மெஷின் வந்திருக்கிறது. காரின் மேல் வைத்து அமுக்கினால், எந்த நிறத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சீட்டு வருமாம். என் கண் இருக்கும்வரை எனக்குச் சீட்டு வேண்டாம் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லி வந்தேன்.

கொச்சங்காடியிலிருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் தன் அம்பாசடரைக் கொண்டுவந்தார். சாம்பல் நீலம். ஷெட்டிலேயே கிடந்த வண்டி என்பதால் நிறம் அதிகம் போகவில்லை. ஆட்டோ இடித்த முன்கதவு ஒன்றுக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பழைய கார் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"வேற கலர்னு ஒருத்தரும் பறையக் கூடாது, கேட்டீங்களா?" என்றார்.

"பறஞ்சா நான் இந்தப் பணிய விட்டுடறேன், ஸாரே."

வழக்கமாக நான் கலந்து வைப்பதை ஸ்பிரே பண்ணுகிறவன் எங்கள் பெயிண்டர். இருபது வருடமாக என்னோடு இருக்கிறான். அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்குப் பாலக்காடு போயிருந்தான். வேறு ஆளை வைத்து அடித்தோம். கதவு காய்ந்ததும் வாத்தியாரும் நானும் வெயிலில் நின்று, கண்ணைச் சுருக்கி, குனிந்து நிமிர்ந்து பார்த்தோம். எங்கே கதவு முடிகிறது, எங்கே பாடி தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். இருவருக்கும் அறுபத்தைந்து வயது.

கண்காட்சியில் காரைப் பார்த்து மார்க் போட்டவர்கள் ஒரு தாளில் "கதவு நிறம் பொருந்தவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாத்தியார் தாளை என் மேஜையில் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுதினவனுக்குக் கண் பொட்டை என்றேன். வாத்தியார் ஆமாம் என்றார். அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணை ஒரு தடவை காட்டிவிட்டு வரச் சொல்லி மனைவிதான் ஆலுவாவுக்கு அனுப்பினாள். இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வருடமாகவாவது வளர்ந்திருக்கும், நீலம்தான் முதலில் மங்கும் என்றார் டாக்டர்.

"எந்தா ஜோலி?" என்று கேட்டார்.

"கலர் மேட்சிங்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து வாத்தியாரின் காரைப் போய்ப் பார்த்தேன். பாசி படிந்த சுவர் போல ஒரு கதவு. வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியதோ என்று யாரும் கேட்கலாம். கதவு போகட்டும், அதற்கு முன் மூன்று வருடத்தில் நான் கலந்தவை எத்தனை கார்கள்! மறுநாளிலிருந்து ஸ்கூட்டரில் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக் கதவைத் திறந்து, பீடிங்கை உரித்துப் பார்த்தேன். கையில் அகப்பட்டவை பதினோரு கார்கள். பதினொன்றும் அச்சு அசல். புரையோடேயே இதைச் செய்திருக்கிறேன் என்றால் என் கை எப்பேர்ப்பட்ட கை என்று தோன்றியது.

எங்கள் ஷெட்டுக்கு வந்து பெயிண்டரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் விஸ்தாரமாகவே சொன்னேன். அவன் ஸ்பிரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, நீங்க சோறுண்ண வீட்டுக்குப் போவீங்கல்லே? அப்போ நான் கொஞ்சம் நீலம் விடுவேன்" என்றான்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"எத்தன வருஷமா?"

"மூணு ஆச்சு."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேப்பீங்களோ?"

கேட்டிருக்க மாட்டேன். அவனை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. சாயா குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குடிக்காமல் கடைவாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் வாத்தியாரின் கதவை மறுபடி எடுத்தோம். அன்று நான் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. புதுக் கண்ணோடு, வெயிலில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கலந்தேன். எனக்குத் திருப்தியானதும் டப்பாவை அவனிடம் நீட்டி, "பாரு" என்றேன்.

அவன் குச்சியால் தொட்டு, பீடிங் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு நீலத்தை எடுத்து, என் கண்ணெதிரே ஒரு துளி விட்டான்.

கலக்கிப் பார்த்தேன். அந்தத் துளி வேண்டியிருந்தது.