கதவில் வெட்டிய இரண்டு வட்டங்கள்

என் மாமனார் தன் பழைய பிக்கப் வண்டியை என்னிடம் ஒப்படைத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்.

"லோடு அடிங்க, எங்கன வேணும்னாலும் கொண்டு போங்க மாப்ள. வண்டியில ஓட்டை மட்டும் போடக் கூடாது. ஒரு ஆணி ஓட்டையைக் கண்டேன்னாலும் அன்னைக்கே வண்டி கூமாப்பட்டிக்கு வந்துரணும்."

கூமாப்பட்டியில் நெல்லும் மாந்தோப்பும் வைத்திருந்தவர் அவர். வரப்பில் நண்டு போடும் ஓட்டையில் தொடங்கி, உலகத்தின் சகல நாசங்களும் ஓட்டை வழியாகவே வருகின்றன என்பது அவருடைய தத்துவம். சாமி படம் மாட்டக்கூடச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அவர் வீட்டுத் தெய்வங்கள் அத்தனையும் அலமாரியில் சாய்ந்தே நின்றன.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பார்த்துவந்த டைம் கீப்பர் வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். சும்மா விடவில்லை. மேனேஜருக்கு நான்கு பக்க ராஜினாமாக் கடிதம். அதில் இரண்டு பக்கம் மனித சுதந்திரத்தைப் பற்றி. அதற்குப் பிறகு அந்த மில் வாசலில் நான் நிழலுக்குக்கூட ஒதுங்க முடியாது. பேண்டேஜ் துணிப் பொதிகளை ஏற்றி இறக்க அந்த வண்டி இருக்கும்வரை எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். வண்டி கூமாப்பட்டிக்குப் போய்விட்டால், சுதந்திரம் மட்டும் மிஞ்சும்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓட்டியவன் என் மச்சினன், மாமனாரின் ஒரே மகன். நான் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நிர்வாகம் செய்தேன்.

அந்தக் கேபினுக்குள் நிர்வாகம் செய்வது எளிதல்ல. எஞ்சின் எங்கள் காலுக்கடியில் இருப்பதுபோலவும், கூரைத் தகரம் எங்கள் பல்லோடு பொருத்தப்பட்டிருப்பதுபோலவும் இருக்கும். ராஜபாளையத்தில் நான் கேட்ட கேள்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பதில் கிடைக்கும். டேப் ஒன்று இருந்தது. அதற்கு டாஷ்போர்டுக்குள் கொட்டாங்கச்சி அளவில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில் எந்த வித்வான் வாசித்தாலும் டப்பாவில் அடைபட்ட வண்டு வாசிப்பதுபோலவே கேட்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏதோ ஒரு பத்திரிகையில் ஸ்டீரியோ பற்றி ஒரு கட்டுரை படித்துத் தொலைத்தேன். நாதஸ்வரம் ஒரு காதுக்கும் தவில் மறு காதுக்கும் தனித்தனியாக வருமாம். படித்த நாளிலிருந்து என் இடது காது பட்டினி கிடப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. மச்சினனுக்கு விளக்கினேன்.

"ரெண்டு காதுக்கும் ஒரே பாட்டுதான மச்சான்?" என்றான்.

"ஒரே பாட்டுதான். ஆனா வேற வேற பக்கத்துல இருந்து."

"வீட்ல அம்மாவும் அக்காவும் பேசுதாகளே, அது மாதிரியா?"

அவன் அக்கா என் மனைவி. உவமை பொருத்தமாக இருந்ததால் மறுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனோம். அவர் கதவைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு கதவுலயும் ஆறு இஞ்சு வட்டம் வெட்டணும். ஆனா வெட்டி என்ன பிரயோசனம்? கதவு வெறும் தகர டப்பா. ஸ்பீக்கர் பாடும் முன்ன கதவு பாடும். உள்ள எதையாவது வச்சு அடைங்க. கூரையையும் அடைங்க. பொறவு பாருங்க, கச்சேரி மண்டபம் மாதிரி இருக்கும்."

மச்சினன் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "மச்சான், ஓட்டைங்காரு."

"கதவுக்கு ரெண்டு தகரம் இருக்கு மாப்ள. வெளித்தகரம், உள்தகரம். மாமா சொன்னது வண்டியை. வெளித்தகரம்தான் வண்டி. உள்தகரம் நம்ம சௌகரியத்துக்கு."

"இதை அப்பாகிட்ட நீங்களே சொல்லிருவியளா?"

"தேவைப்பட்டா சொல்லுவேன்," என்றேன். அவர் பத்து மைலுக்கு அப்பால் இருக்கும்போது எனக்கு எப்போதுமே தைரியம் அதிகம்.

வட்டங்கள் வெட்டப்பட்டன. அவற்றின் மேல் ரெக்ஸினில் கதவுக்கொரு பை தைத்துத் தொங்கவிட்டோம், பில் வைக்கும் பை என்று சொல்லிக்கொள்ள. அடுத்தது சத்தத்தை அடைக்கும் வேலை. இங்கேதான் ராஜபாளையத்துக்காரனைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத ஒரு காரியத்தைச் செய்தேன். வெளியூர்க்காரன் கடைக்குப் போய் எதையாவது வாங்கியிருப்பான். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன எங்கள் ஊரில், நான் பொதி ஏற்றும் இடத்தில், காயத்துக்கு வைக்கும் மருத்துவப் பஞ்சு, தரமில்லை என்று கழித்தது, மூட்டை மூட்டையாகச் சும்மா கிடந்தது. கதவு இரண்டிலும் அதைத் திணித்தேன். கூரைக்குத் தென்னைநார் மெத்தை, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் ரெக்ஸின். மூன்று மாத உழைப்பு. குஷன் தைத்தவர், "ஆபரேஷன் தியேட்டர் கணக்கா இருக்கு," என்று பாராட்டினார்.

உண்மையிலேயே அமைதி வந்தது. எஞ்சின் யாரோ பக்கத்து வீட்டில் மாவரைப்பதுபோல ஒதுங்கிப் போனது. இடது காதுக்குத் தவில் கிடைத்தது.

பிறகு ஒரு கோடை மழை பெய்தது. மருத்துவப் பஞ்சு எதற்காகத் தயாரிக்கப்படுகிறதோ அதைத்தான் அது செய்தது. கதவுக்குள் இறங்கிய தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்து உப்பி, ஏற்றியிருந்த கண்ணாடியை அப்படியே கவ்விக்கொண்டது. அதன் பிறகு எந்த ஜன்னலும் இறங்கவில்லை. சித்திரை வெயிலில், வியர்வையில் ஊறிக்கொண்டே நாங்கள் இருவரும் உயர்ந்த இசையைக் கேட்டோம்.

அந்தச் சித்திரையில்தான் மாங்காய் லோடும் வந்தது. மாமனார் மாங்காயைத் தனியாக அனுப்பமாட்டார். பின்தொட்டியில் கூடைகளுக்கு நடுவே சாக்கை விரித்து அவரே உட்காருவார். பின்கண்ணாடியைக் கூடைகள் மறைத்துவிடும். அதனால் பேச்சுவார்த்தையெல்லாம் கேபின் கூரையில் கையால் தட்டித்தான்: ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டென்றால் போகலாம், மூன்றென்றால் மெதுவாகப் போ. எங்கள் பக்கத்தில் தொட்டியில் ஏறும் எல்லாருக்கும் இந்தப் பாஷை தெரியும்.

அன்று காலை கூமாப்பட்டியில் ஏறும்போதே சொன்னார். "வத்ராப்புல தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. எம் மடியில வச்சுத்தான் குத்தணும். எந்தத் தெருன்னு நான் தட்டுதேன், நிறுத்துங்க. செத்த நேரம் பிந்துனாலும் ஊரு சிரிக்கும்."

அவர் வத்ராப்பு என்று சொன்ன வத்திராயிருப்பு வந்தது. தட்டட்டும் என்று காத்திருந்தோம். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. வத்திராயிருப்பு போய்விட்டது.

"அப்பா தட்டலியே மச்சான்?"

"காயைத் தனியா விட மனசு வந்திருக்காது மாப்ள. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறக்கிட்டுத் திரும்பி வருவாரா இருக்கும்."

வழியெல்லாம் ஜனங்கள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். வயலில் நின்ற பெண்கள் ஆட்டினார்கள். சைக்கிள்காரர் ஒருவர் கீழே இறங்கியே ஆட்டினார். கிராமப்புறத்தில் இசை ரசனை இந்த அளவுக்கு வளர்ந்திருப்பதைக் கண்டு நெகிழ்ந்து, நானும் கையை ஆட்டினேன்.

அப்போது முன்கண்ணாடியில் ஒரு மாங்காய் வந்து விழுந்து உருண்டது.

"மரத்துல இருந்து விழுது போல," என்றான் மச்சினன்.

இரண்டாவது விழுந்தது. நான் வெளியே பார்த்தேன். இரண்டு பக்கமும் வெட்டவெளி.

"இங்கன ஏது மாப்ள மரம்?"

இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம். வெம்பி விழுந்த காயைக்கூட ஊறுகாய்க்கு எடுத்துவைக்கும் மனிதர் அவர். காயை எடுத்து எறிகிறார் என்றால், கை வீங்கும்வரை தட்டி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வண்டி நின்றது. அவர் இறங்கி என் பக்கம் வந்தார். பேசிச் சமாளிக்கலாம் என்று கண்ணாடியை இறக்கப் பார்த்தேன்; பஞ்சு விடவில்லை. அவரே கதவைத் திறந்தார். திறந்த கதவிலிருந்து தவில் அவர் வயிற்றில் நேராக மோதியது. ஒரு அடி பின்னால் நகர்ந்து, கதவையே உற்றுப் பார்த்தார். பிறகு ரெக்ஸின் பையை ஒற்றை விரலால் தூக்கினார்.

"இது என்னது?"

"ஸ்பீக்கர் மாமா."

"அது தெரியுது. இது வர்றதுக்கு முந்தி இந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"தகரம் மாமா."

"அந்தத் தகரம் எங்க?"

உள்தகரம், வெளித்தகரம் என்ற வாதத்தை மூன்று மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். இப்போது மில் வாசல் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஏலே, வண்டியைத் திருப்பு," என்று மகனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பின்னால ஏறுங்க. காயைப் பாத்துக்கிடுங்க. பொறவு பேசுதேன்."

என் இடத்தில் அவர் உட்கார, நான் கூடைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தேன். கேபினுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஒன்றுமே கேட்கவில்லை, அடைப்பு வேலை அவ்வளவு நேர்த்தி. நாங்கள் போனபோது பந்தலில் ஆசாரி கையில் ஊசியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியச் சற்றே மிச்சமிருந்தது. மாமனார் மடியில் குழந்தை வீறிட்டு அழுதது. ஓட்டை போடுவதை அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சகித்தார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலையோடு என்னைக் கூப்பிட்டார். சாவியைத் தானமாகக் கொடுப்பதுபோல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் தொடவில்லை.

"அந்தத் தவுலுச் சத்தம் இந்தப் பக்கத்துல இருந்து மட்டுந்தான் வருமோ?"

"ஆமா மாமா. இடது பக்கம்."

"ம்." வெற்றிலையை மடித்தார். "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஓட்டைன்னு ஒண்ணு விழுந்துட்டா, பக்கத்துல ஆள் உக்காந்து காவல் காக்கணும் மாப்ள. வரப்புலயும் அப்படித்தான். காய் லோடு போற அன்னைக்கு நான் முன்னால உக்காந்து பாத்துக்கிடுதேன்."

அந்தப் பருவம் முழுக்க அவர் என் இடத்தில் உட்கார்ந்து ஓட்டைக்குக் காவல் இருந்தார். நான் தொட்டியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கேபினிலிருந்து நான் பாடுபட்டு வெளியேற்றிய அத்தனை சத்தத்தோடும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்தேன். மனைவி மட்டும் ஒரு நாள், காதில் புழுதியோடு வந்த என்னைப் பார்த்து, "எந்தக் காதுங்க நாதஸ்வரக் காது?" என்று கேட்டாள்.