வீண் தீனி தின்னும் குதிரை

நாமகிரிப்பேட்டை போகும் சாலையில் உள்ள ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் மேற்பார்வையாளர். பண்ணை முதலாளியுடையது. கோழிகளும் அவருடையவை, முட்டைகளும் அவருடையவை. முட்டை குறைந்தால் அந்தக் குற்றம் மட்டும் என்னுடையது. எவ்வளவு தீவனம் உள்ளே போகிறது, அதற்கு எவ்வளவு முட்டை வெளியே வருகிறது என்று பார்ப்பதே என் தொழில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோழி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. முட்டை குறைந்து தீனி மட்டும் குறையாத கோழிக்கு ‘வீண் தீனி’ என்று பெயர். அதைக் கூண்டிலிருந்து பிடித்து லாரியில் ஏற்றிவிடுவோம். பல வருடங்களாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோழிக்காகவும் எனக்கு ஒருவேளைச் சோறு இறங்காமல் போனதில்லை.

என் மனைவி நெய் வியாபாரம் செய்கிறாள். ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வெண்ணெய் வாங்கி, வீட்டிலேயே உருக்கி, சேலத்துக் கடைகளுக்கு அனுப்புகிறாள். வெண்ணெயில் எதையாவது கலந்து கொண்டுவருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் தூக்குப்போசியைத் திறக்காமலே திரும்பிப் போவார்கள். எங்களுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் கணினி வேலைக்குப் போனாள். இந்த வம்பெல்லாம் அவள் போன பிறகு வந்தது.

போன புதிதில் அவளுக்குக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உலகத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதுபோல ஒவ்வொரு தடவையும் ஆவலோடு கேட்பேன். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். விடுமுறைக்கு வந்தபோது என் கைப்பேசியை வாங்கி, அதில் எதையோ இறக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்பா, உங்களுக்குப் பொழுது போகலீங்க. இதுல என்னோட குதிரை ஒண்ணு இருக்குது. பள்ளிக்கூடம் படிக்கறப்ப வச்சிருந்தேன். இனிமே நீங்க பாத்துக்குங்க” என்றாள்.

அது இணையத்தில் ஆடும் விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு லாயம் வைத்து, கைப்பேசிக்குள்ளேயே குதிரை வளர்த்து, பழக்கி, பந்தயத்துக்கு அனுப்புகிறார்கள். மகளின் லாயத்தில் ஒரே ஒரு குதிரை நின்றது. வெள்ளை உடம்பில் யாரோ காப்பியைக் கொட்டியதுபோல அங்கங்கே பழுப்புத் திட்டு. எங்கள் வீட்டில் அதற்குப் புள்ளிக்குதிரை என்று பெயராயிற்று. அவள் அதை மறந்து பல வருடங்கள் ஆகியிருந்தும் அது சாகவில்லை. உரிமையாளர் வராவிட்டால் குதிரை தூங்கிவிடும் என்பது அந்த விளையாட்டின் விதி. இவ்வளவு இரக்கமுள்ள நிர்வாகத்தை நான் எந்தப் பண்ணையிலும் பார்த்ததில்லை.

முதலில் எல்லா முட்டாள்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குதிரையை எழுப்பியதும் ஓடு, தாண்டு, திரும்பு என்று விடாமல் விரட்டினேன். திரையின் மூலையில் அதன் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் குதிரை காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. லட்சம் கோழியைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு பொம்மைக் குதிரை அடங்காதா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தீவனக் கிடங்கில் மூட்டை மேல் உட்கார்ந்து அந்த விளையாட்டைப் படிக்க ஆரம்பித்தேன். வேளாண் கல்லூரித் தேர்வுக்கு இப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு நான் முதலாளி ஆகியிருக்கமாட்டேன் என்றாலும், முதலாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

விஷயம் சுலபம்தான். ஒவ்வொரு குதிரைக்கும் வேகம், தாக்குப்பிடித்தல், தாண்டுதல் என்று சில திறமைகள். ஒவ்வொரு திறமைக்கும் பிறவியிலேயே ஓர் உச்சவரம்பு. அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் ஏறாது. எந்தத் திறமையில் வரம்பு உயரமோ அதை மட்டும் முதலில் பழக்க வேண்டும். குட்டியாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். தெம்புக்கோடு மஞ்சளைத் தொடும் முன்னே நிறுத்தி, தீனி போட்டு, உடம்பு தேய்த்து, தூங்கவைக்க வேண்டும். பழக்கி முடிக்காமல் பந்தயத்துக்கு அனுப்பினால் இரண்டும் கெடும். ஆசைப்பட்டு எல்லாத் திறமையையும் கொஞ்சம் கொஞ்சம் பழக்கினால், எல்லாவற்றிலும் நாலாவதாக வரும் ஒரு நல்ல குதிரை கிடைக்கும். நல்ல குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஞானம் வந்ததும் லாயத்தைப் பெருக்கினேன். குட்டிகள் வாங்கினேன். உச்சவரம்பு குறைந்த குட்டிகளை வாங்கிய வேகத்திலேயே விற்றேன். கறுப்புப் பெண்குதிரை ஒன்று அமைந்தது. அதை வேகத்துக்கென்றே பழக்கினேன், அது மற்ற லாயக்காரர்களின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்துக் கொடுத்தது. புள்ளிக்குதிரைக்கு எந்தத் திறமையிலும் வரம்பு உயரமில்லை, வயதும் ஏறிவிட்டது. அதைப் பழக்குவதை நிறுத்தினேன். ஆனால் காலையில் லாயத்தைத் திறந்ததும் முதல் தீனி அதற்குத்தான் போடுவேன். ஏன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளுக்குப் போன் செய்வது குறையவில்லை, பேசும் விஷயம்தான் மாறியது. ஒருநாள் சேலம் போகும் பேருந்தில் நின்றுகொண்டே அவளிடம், “கறுப்பிக்குத் தெம்பு எறங்கிப்போச்சு கண்ணு. இன்னைக்கு ஓட்டம் வேண்டாம்னு படுக்க வச்சுட்டேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.

“ஏனுங்க, குதிரை வச்சிருக்கீங்ளா?”

“ஆமாங்க” என்றேன். அந்த நேரத்துக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

“வெள்ளைக்குதிரை இருக்குதுங்ளா? தங்கச்சி பையன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வேணும். ஜம்முனு இருக்கோணும்.”

“வெள்ளையில புள்ளி உழுந்தது ஒண்ணு இருக்குதுங்க. ஆனா வயசாயிருச்சு.”

“வயசானா பரவால்லீங்க, மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் வயசுதான். எங்க கட்டி வச்சிருக்கீங்க?”

கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இடம் விட்டு ஒதுங்கியிருந்தவர் பழையபடி அகலமாக உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது மனைவி கரண்டியை நெய்க்குள் விட்டுக் கிளறிக்கொண்டே, “சாணி போடாத குதிரை, முட்டை போடாத கோழி மாதர. எதுக்கு இந்தப் பொழப்பு?” என்றாள்.

பிறகு எங்கோ பறவைக் காய்ச்சல் என்று சேதி வந்தது. எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதலாளி மிரண்டுபோனார். மேற்பார்வையாளர்கள் பண்ணையிலேயே தங்க வேண்டும், சேதி அடங்கும்வரை வெளியே போகக் கூடாது, கைப்பேசிகூட உள்ளே வரக் கூடாது என்றார். கிருமி எதில் வேண்டுமானாலும் தொற்றி வருமாம். அவருடைய கைப்பேசியில் மட்டும் தொற்றாது.

வேறு வழியில்லாமல் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தேன். தெம்புக்கோடு, உச்சவரம்பு, தீனி, தூக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். “தெம்பு மஞ்சளாகறதுக்குள்ள நிறுத்தோணும். மறந்தறாத” என்று மறுபடியும் சொன்னேன். “வெண்ணெ காயறதைப் பாத்து எறக்கறவளுக்கு மஞ்சளும் செவப்பும் தெரியாதா? போங்க” என்றாள்.

பண்ணை அலுவலகத்தில் தரைவழித் தொலைபேசி ஒன்று இருந்தது. காலையில் அதில் கூப்பிடுவேன். முதலாளி எதிரில் உட்கார்ந்திருப்பார்.

“எல்லாம் தின்னுச்சா? கறுப்பி எப்படி இருக்கறா? ஒடம்பு தேச்சு உட்டியா?”

முதலாளி கணக்கைப் பார்ப்பதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். மூன்றாம் முறை கேட்டபோது, “ஊட்டுல எருமை வாங்கியிருக்கறியாப்பா?” என்றார். “ஆமாங்க” என்றேன். குதிரை என்று சொல்லியிருந்தால் சம்பளம் அதிகமாகக் கொடுக்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும்.

சேதி அடங்கி வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலையாக லாயத்தைத் திறந்தேன். பிரமித்துப்போனேன். நான் மாதக்கணக்கில் செய்ததை அவள் சில நாட்களில் செய்திருந்தாள். எல்லாக் குதிரைக்கும் தெம்புக்கோடு பச்சை. கறுப்பி பெரிய பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்திருந்தாள். எனக்குத் தெரியாத நல்ல ஜாதிக் குட்டி ஒன்று புதிதாக நின்றது. நின்றது புள்ளிக்குதிரையின் கொட்டடியில்.

“புள்ளிக்குதிரை எங்க?”

“வித்துப்போட்டேன்.”

“வித்துட்டியா?”

“பின்ன? தீனி தின்னுட்டு நின்னுக்கிட்டே இருந்துது. ஓட்டமும் இல்லை, தாண்டலும் இல்லை. அந்தக் கொட்டடியில இந்தக் குட்டியக் கட்டிருக்கறேன், பாருங்க எப்படி இருக்குதுன்னு.” தன் வேலையை நான் மெச்சுவேன் என்று காத்திருந்தாள். “நீங்கதான சொல்லுவீங்க, வீண் தீனிய வச்சுக்கக் கூடாதுன்னு?”

நான் சொன்னதுதான். பல வருடங்களாக, சாப்பிட உட்காரும்போதெல்லாம், அவள் கேட்காமலே சொன்னது. திறமையான நிர்வாகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே மாணவி அவள். குறை சொல்ல வழியே இல்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். சோறு இறங்கவில்லை.

“அட, எதுக்குங்க எந்திரிக்கறீங்க? ஒரு பொம்மைக்கா?”

“அது புள்ளையோட குதிரை” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். பக்குவமாகத்தான் தொடங்கினேன். வேலை எப்படிப் போகிறது என்றேன், பெங்களூரில் மழையா என்றேன். கடைசியில், “கண்ணு, அம்மாவைத் தப்பா நெனைக்காத. உன்ற குதிரைய வித்துட்டா” என்றேன்.

“எந்தக் குதிரைங்கப்பா?”

“உன்ற புள்ளிக்குதிரை சாமி.”

“ஓ, அதுவா! இன்னும் அது இருந்துதா?” என்று சிரித்தாள். “சரி, மீட்டிங் இருக்குது, அப்பறம் கூப்பிடறேன்.”

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், செத்தவரே வந்து காப்பி கொடுத்ததுபோல இருந்தது எனக்கு. இவ்வளவுக்குப் பிறகு சும்மா இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

வாங்கியவர் யார் என்பதை விளையாட்டே காட்டியது. ஏதோ பனி கொட்டும் தேசத்துக்காரி. அவள் லாயத்தில் புள்ளிக்குதிரை நின்றுகொண்டிருந்தது. திட்டுப்போட்ட குதிரைகளாகவே சேர்த்து வைத்திருந்தாள், பந்தயத்துக்கு ஒன்றையும் அனுப்புவதில்லை. எனக்கு இருக்கும் ஆங்கிலத்தைக் கூட்டிப் பெருக்கி, அது என் மகளின் குதிரை, தவறுதலாக விற்றுவிட்டோம், திருப்பித் தர முடியுமா என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. வருத்தமாக இருக்கிறதாம், தனக்கும் அதன்மேல் பிரியம் வந்துவிட்டதாம், ஆனாலும் தருகிறாளாம். பதிலுக்குக் கறுப்பியைக் கொடுத்தால் போதுமாம்! திட்டுப்போட்ட குதிரைகளாகவே சேர்க்கிறவளுக்குக் கறுப்பு எப்படிப் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. பிரியம் எல்லா தேசத்திலும் விலை தெரிந்துதான் வருகிறது.

மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“கறுப்பியவா? அந்த மொண்டிக்கா? உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?”

“மொண்டி இல்லை. வயசாயிருச்சு, அவ்வளவுதான்.”

“ஓடுற குதிரையக் குடுத்து நிக்கற குதிரைய வாங்கற மனுசன நான் கண்டதில்லீங்க. உங்க முதலாளிகிட்ட இதச் சொல்லிப் பாருங்க, நாளைக்கே உங்களையும் லாரியில ஏத்தீருவாரு!”

அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். தலையாட்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். கறுப்பி போனாள். புள்ளிக்குதிரை வந்து, போன இடத்தில் என்ன தின்றதோ, கொஞ்சம் பருத்த வயிற்றோடு நின்றது. தீனி போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மோசமான வியாபாரத்தை நான் செய்ததில்லை. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் கைப்பேசியில் அதே விளையாட்டை இறக்கித் தனக்கென்று ஒரு லாயம் தொடங்கினாள். “உங்க சங்காத்தமே வேண்டாம்” என்றாள். வெண்ணெய்க்காரர்களிடம் பேரம் பேசும் அதே குரலில் குட்டிகளைப் பேசி வாங்கினாள். தமிழில்தான் எழுதினாள். விளையாட்டு அதை எந்த மொழியில் மாற்றிக் கொடுத்ததோ, எதிராளிகள் பயந்துபோய் இறங்கிவந்தார்கள். சில மாதங்களில் அந்தப் பனி தேசத்துக்காரியைத் தேடிப்பிடித்து, திட்டுப்போட்ட குட்டிகள் மூன்றைத் தள்ளிவிட்டுக் கறுப்பியை மீட்டுக்கொண்டாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் காலையில் அவள் லாயத்தில் கறுப்பி நிற்பதை நானாகத்தான் பார்த்தேன்.

“பரவால்லியே” என்றேன்.

“உங்களுக்குக் கெடையாது” என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு லாயம். ஞாயிற்றுக்கிழமை காலையில், நெய் காய்ச்சும் வேலை முடிந்ததும், இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் குதிரையை இறக்குகிறோம். அவள் கறுப்பியை இறக்குகிறாள். நான் மற்ற குதிரைகளை விட்டுவிட்டுப் புள்ளிக்குதிரையை இறக்குகிறேன். அது பாதி தூரம் போகும், அப்புறம் புல் மேயத் தொடங்கிவிடும். அப்படியொரு வசதி அந்த விளையாட்டில் இருப்பதே எங்களுக்கு அதனால்தான் தெரிந்தது. மகள் இதைக் கேள்விப்பட்டுப் போனவாரம் அவளும் பெங்களூரிலிருந்து பார்வையாளராக வந்து உட்கார்ந்தாள். யார் பக்கம் என்று கேட்டேன். அம்மா பக்கம் என்றாள்.

தோற்றவர்கள் நெய் உருளியைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது வீட்டு விதி. அடிப்பிடித்த உருளிக்குச் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போகிறது. ஒவ்வொரு வாரமும் செய்வதால் அதில் நல்ல திறமை வந்துவிட்டது.