என் பெயரில் ஒரு பனிமலை

என் பெயரில் ஒரு மலை இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் இன்னொருவரால் இப்படிச் சொல்ல முடியுமானால் வரட்டும், எழுந்து நின்று கும்பிடுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இன்று இரண்டு கல் பாலிஷ் பட்டறை நடத்துகிறேன் என்பதெல்லாம் அப்புறம் வந்த கதை. மலைதான் முதலில் வந்தது.

எண்பதுகளின் நடுவில், இண்டூரில் நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தார். தென்துருவத்தில் நம் நாட்டார் கூடாரம் போட்டு ஆராய்ச்சி செய்யப் போனபோது, மூட்டை தூக்கவும் ஆணி அடிக்கவும் போன ஆட்களில் அவரும் ஒருவர். லீவில் வந்தவர், கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். தேங்காய் மூடி அளவு, கறுப்பு.

அங்கே மலைகள் கழுத்துவரை பனியில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்குமாம், வரிசை வரிசையாக. ஓர் ஊர் கிடையாது, ஆடு மேய்க்க ஓர் ஆள் கிடையாது. ஆனால் மலைகளுக்குப் பேர் மட்டும் உண்டு. அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத ஒரு ராணியின் பேர், கப்பலுக்கு ஏற்பாடு செய்த அதிகாரியின் பேர். எவன் முதலில் வரைபடம் போட்டானோ அவன் வைத்ததுதான். பாறை ஆராய்கிறவர்களுக்குச் சாக்கு சுமக்க ஹெலிகாப்டரில் போன மாமா, பேரே இல்லாத ஒரு சின்ன முகட்டைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டியது தாய்மாமன். எனக்குச் சொன்னவரும் அவரே. அதே முறையில் அந்தப் பாறையில் வாயை வைத்து மூன்று முறை என் பேரைச் சொன்னாராம். குளிரில் உதடு ஒட்டிக்கொண்டு தோல் உரிந்ததாம். உதட்டில் தழும்பு இருக்கத்தான் செய்தது. அந்த முகட்டில் எடுத்ததுதான் என் கையில் வைத்த கல்.

“படத்துல எழுதறவன் எழுதிக்கட்டும் மாப்ள. காதுல சொன்னது யாரு?” என்றார்.

மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். சார் அட்லஸை விரித்தார். அந்தக் கண்டமே பக்கத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கீற்றாகக் கிடந்தது. பையன்கள் புளுகன் என்றார்கள். கல்லை வந்து பாருங்கள், பொய்யானால் இனி வாயே திறக்க மாட்டேன் என்று சவால் விட்டு, சாயங்காலம் வகுப்பையே எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்தேன்.

கூட்டத்தைப் பார்த்து, தெருமுனையில் ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெரியவரும் சுத்தியலோடு வந்து சேர்ந்தார். கல்லை வாங்கித் தட்டிச் சத்தம் கேட்டார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

“பட்டாளத்தாரே, இது நம்மூரு கல்லுங்க. நாப்பது வருசமா இதத்தான் உடைக்கறன். அதியமான்கோட்டையில பஸ்ஸு நின்னப்ப எறங்கி எடுத்தீங்களா?”

வாசலே சிரித்தது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஓர் அதட்டல் போட்டால் போதும், என் மலை பிழைத்துக்கொள்ளும்.

“எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு. இத்தன தூரம் வந்தும் நம்மூரு கல்லாட்டமே கெடக்குதேன்னுதான் எடுத்தன்.”

மாமா தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தெருமுனை ஜல்லிக் குவியலில் வீசினேன். மாமா திட்டவில்லை. அடுத்த நாள் விடியும்போதே பஸ் ஏறிப் போய்விட்டார். காலியான காலுறை கொடியில் தொங்குவதைப் பார்த்ததும்தான் தெருமுனைக்கு ஓடினேன். குவியலில் போய் உட்கார்ந்து உச்சிவெயில்வரை ஒவ்வொரு கல்லாக எடுத்துத் திருப்பினேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கனம். கிடைக்கவில்லை.

கல் தொழிலில் நான் தலையெடுத்த பிறகு, பாறை படித்த ஒருவர் பட்டறைக்கு வந்தார். நடுவில் கடல் புகுவதற்கு முன் அந்தத் துருவ மலைகளும் நம் மலைகளும் ஒட்டிக்கிடந்த ஒரே நிலம், இரண்டு பக்கமும் ஒரே கல்தான் என்றார். தெரியும் சார், அங்கே எனக்கு ஒரு மலை இருக்கிறது என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

அன்று குவியல்மேல் அழுதுகொண்டிருந்த பையனுக்கு, கல் தொலைந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. பெரியவரின் சுத்தியலும், தேடித் தோற்ற தன் பத்து விரல்களும் மாமாவுக்குத்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியவில்லை.