தம்பிக்குப் பேச்சு வந்த வெள்ளிக்கிழமை

மூன்றரை வயதாகியும் என் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான், வேண்டியதைக் கை காட்டுவான். அவ்வளவுதான். இப்படியே இருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று அம்மா முருகன் படத்துக்கு முன்னால் அழுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம். உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரே சுவரைப் பங்கிட்டு வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் மில்லுக்குப் போய்விடுவதால் தம்பி பகலெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பான். அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்.

தாராபுரத்திலிருந்து வந்த என் அத்தை இரண்டே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஊட்டுல ஒண்ணு, பக்கத்தூட்டுல ஒண்ணுன்னு ரெண்டு பாஷையைக் காதுல உட்டா பச்சப்புள்ள எதைத்தான் பேசும்? இனி அங்க உடாதே அம்மணி, சொல்லிப்போட்டேன். நானே இருந்து பாத்துக்கறேன்."

அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. சுவருக்கு அந்தப்புறம் கேட்டிருக்கும். அன்றிலிருந்து அந்த அக்கா, தொட்டிலில் கிடக்கும் தன் பெண்குழந்தையிடம்கூட தமிழில்தான் பேசினார், அதுவும் தணிந்த குரலில்.

அத்தை இன்னொன்றும் சொன்னார். கோயில் மணிக்குள் ஊற்றி எடுத்த தண்ணீரை மூன்று வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் கொடுத்தால் பேச்சு வருமாம். வாங்கி வருவது என் வேலை. முதல் வெள்ளியே, பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்ததில் துள்ளிச் சொம்பைக் கவிழ்த்துவிட்டேன். பூசாரியிடம் திரும்பிப் போகப் பயம். தெருக்குழாயில் பிடித்து வந்து கொடுத்தேன். தம்பி மடக் மடக்கென்று குடித்தான். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவன் பேசாமலே போனால் அந்தப் பாவம் என்னுடையதுதானே!

அதற்கு ஈடாக அவனுக்கு ஏதாவது நல்லது செய்ய நினைத்தேன். அவனுக்குப் பிடித்ததோ அந்த அக்கா வீடு ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அத்தை கண்ணயரும் நேரம் பார்த்து, பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனேன்.

"வேண்டாங் கண்ணு, உங்க அத்தை வைவாங்க."

"பேச வேண்டாங்க்கா. பாட்டு மட்டும் பாடுங்க. பாட்டுப் பாடுனா தப்பில்லீங்களே?"

அக்கா சிரித்துவிட்டார். தொட்டிலை ஆட்டிக்கொண்டு தெலுங்கில் ஒரு தாலாட்டுப் பாடினார். ஒவ்வொரு அடியிலும் கடைசி வார்த்தையைப் பாடாமல் நிறுத்திக் குழந்தையைப் பார்ப்பார். அது 'ஆ' என்று முடித்து வைக்கும். அதன்பின் தினமும் போனோம். முதல் வாரம் தம்பி அந்த இடத்தில் கை மட்டும் தட்டினான், துளி பிசகாமல். அடுத்த வாரம் 'ம்' என்று முனகினான்.

மற்ற இரண்டு வெள்ளியும் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்தேன். மூன்றாவது வெள்ளி பூஜையில் அத்தை பாடினார். அடிக்கு அடி 'முருகா' என்று முடிகிற பாட்டு. நடுவில் இருமல் வந்து நிறுத்தினார்.

"முகா!"

தாளம் தப்பாமல் அந்த இடத்தில் வந்து விழுந்தது. அம்மா கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அத்தை அடுத்த அடியைப் பாடி வேண்டுமென்றே நிறுத்தினார். மறுபடியும் "முகா!"

"மணித் தண்ணி பேச வெச்சுருச்சு பாத்தியா!" என்றார் அத்தை. என் திருட்டுத்தனத்தை முருகனிடம் மட்டும் சொன்னேன்.

போன வருடம் என் மகன் பள்ளிக்கூடத்தில் ஒரு டாக்டரம்மா பேசினார். சின்ன வயதில் கேட்கிற பாட்டும் தாளமும் மூளையில் தடம் போடுமாம், பேச்சு அந்தத் தடத்தைப் பிடித்தும் வருமாம், இரண்டு மொழி கேட்பதால் குழந்தை கெட்டுப்போகாதாம். எனக்கு இதில் சாமியோடு வழக்கில்லை. எந்த வழியாக வந்தாலும் வந்தவர் அவர்தான்.

தம்பி பேசிய அன்றைக்கு அத்தையே சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். "பையன் பேசிட்டானுங்க" என்று அவர் சொன்னதும் அந்த அக்கா கிண்ணத்தை வாங்காமலே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நல்ல சேதிக்கு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் மறுபடியும் தெலுங்குப் பேச்சு சத்தமாகக் கேட்டது.

சண்டை போடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.